245ஐக் கழற்றி 265 போடுவதற்கு முன்

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். 2017இல் வாங்கிய இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியில் இருக்கும் 245/70 ஆர்16 டயர்கள் நான்கும் தேய்ந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 265/75 ஆர்16 போட்டால் தோப்புக்குப் போகும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய மண்வழியில்) வண்டியின் அடி தட்டுவது நிற்குமா, மழைக்காலத்தில் வாய்க்கால் கரைச் சேற்றில் வண்டி ஏறி வருமா, மாதம் இருமுறை வால்பாறை போய்வருவதில் ஏதும் தொந்தரவு வருமா என்பவை அவருடைய கேள்விகள். "ஏனுங்க, ரிம்மு அதே பதினாறு தானுங்களே, அப்புறம் என்னங்க?" என்று கடைசியில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். டயர், அலைன்மென்ட் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது இதே கேள்வியை யாராவது கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 265/75 வேண்டாம். இப்போதுள்ள 245/70 அளவிலேயே, பக்கச்சுவர் கெட்டியான நல்ல ஏ/டி (தார்ச்சாலை, மண்வழி இரண்டுக்கும் ஏற்ற) டயர் வாங்குங்கள். உயரமும் கட்டாயம் வேண்டும் என்றால் 245/75 ஆர்16 வரை யோசிக்கலாம். அதைத் தாண்ட வேண்டாம். உங்கள் தடத்துக்குத் தேவைப்படுவது டயரின் உயரத்தைவிட அதன் பிடியும் பக்கச்சுவரின் வலுவும்தான். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

ரிம் பதினாறாகவே இருந்தாலும் டயரின் மொத்த உயரம் மாறிவிடுகிறது. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. ஆக, பக்கச்சுவர் 171.5 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 343; ரிம்மின் 406.4ஐக் கூட்டினால் விட்டம் 749 மி.மீ. வருகிறது. இதே கணக்கில் 265/75 டயரின் விட்டம் 804 மி.மீ. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 55 மி.மீ., அதாவது 7.3 சதவீதம். ஆனால் வண்டி தரையிலிருந்து உயர்வது விட்டத்தில் கூடியதன் பாதிதான், 27 மி.மீ. உங்கள் கட்டைவிரலின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். 245/75 போட்டால் விட்டம் 774. வண்டி 12 மி.மீ. உயரும். அதே வண்டியின் 18 அங்குல ரிம் பதிப்பில் நிறுவனம் கொடுத்த 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மி.மீ. வெளிநாடுகளில் டி-மேக்ஸ் என்ற பெயரில் விற்கும் இதே வண்டிக்கு 17 அங்குல ரிம்மில் தரும் 255/65 டயரின் விட்டமும் அதே 763தான். ரிம்மை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று கூட்டியபோதும், வண்டியை வடிவமைத்தவர்கள் விட்டத்தை 14 மி.மீ.க்கு மேல் கூட்டவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

பெரிய டயரின் நியாயமான நன்மை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் (இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இட்டேரியில் முதலில் தட்டும். வில்லுப்பட்டையை உயர்த்தினாலும், ஸ்பிரிங்கை மாற்றினாலும் வண்டியின் உடல்தான் மேலே போகுமே தவிர, அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்கக்கூடியது டயர் ஒன்றுதான். எனவே இட்டேரியின் நடுமேட்டில் டிஃபரன்ஷியல் தேய்வதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்றால், 12 மி.மீ.கூடப் பயன்படும். ஆனால் அதற்கு முன், எங்கே தட்டுகிறது என்பதைக் கீழே படுத்துப் பாருங்கள். என்னிடம் "அடி தட்டுகிறது" என்று வந்த வண்டிகளில் பாதிக்கு மேல், தட்டியிருந்தது முன்பக்க இன்ஜின் கார்டோ, பக்கத்துப் படியோ, பின்பக்க இழுவைக் கொக்கியோதான். படியைக் கழற்றிவிட்டால் தீரும் விஷயத்துக்கு ஐந்து டயர் மாற்றத் தேவையில்லை.

இனி, அந்த 27 மி.மீ.க்குக் கொடுக்கும் விலை. டயர் பெரிதானால் கியர் நீளும். சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடுவதால், அதே வேகத்தில் இன்ஜினின் சுற்று குறைகிறது. உங்கள் 2.5 லிட்டர் இன்ஜினின் முழு இழுவையான 320 நியூட்டன் மீட்டர் 1800 சுற்றில்தான் தொடங்குகிறது. வால்பாறை ஏற்றத்தில் ஒரு வளைவை இப்போது 1900 சுற்றில், கியர் மாற்றாமல் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 265/75 போட்ட பிறகு அதே இடத்தில், அதே வேகத்தில் இன்ஜின் 1771 சுற்றில் நிற்கும். அதாவது, இழுவை முழுதாக வரும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறீர்கள். ஒரு கியர் குறைக்க வேண்டும், இல்லையேல் கிளட்ச்சைப் பாதி மிதித்து இழுக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தேங்காய் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இது சிறிய விஷயமில்லை.

இறக்கம் இதைவிடக் கவலை தருவது. இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் பிடியும் அதே ஏழு சதவீதம் தளர்கிறது. பிரேக்கைப் பொறுத்தவரை, டிஸ்க் தரும் திருகுவிசை மாறவில்லை. அது தரையை அடைய வேண்டிய ஆரம் கூடிவிட்டதால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. டயரின் எடையும் சேர்ந்துகொள்கிறது. பழைய 245/70 ஒன்றையும், 265/75 அளவில் எல்.டி. வகை (சிறு லாரிகளுக்கான கெட்டி) டயர் ஒன்றையும் ஒருமுறை கொப்பரைக் களத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு டயருக்கு ஏழெட்டுக் கிலோ கூடுதலாக இருந்தது. சுழலும் சக்கரத்தின் வெளி விளிம்பில் கூடும் எடை, வண்டியின் தொட்டியில் வைத்த மூட்டையைப் போன்றதன்று. புறப்படும்போதெல்லாம் அதைச் சுழற்றிவிடவும், நிற்கும்போதெல்லாம் அதன் சுழற்சியை அடக்கவும் வேண்டியிருக்கிறது. மலை இறங்கி வந்ததும் முன் டிஸ்க்கிலிருந்து வரும் அந்தக் கருகிய வாடையை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 86இல் போய்க்கொண்டிருக்கும். பொதுவாக நிறுவனங்கள் மீட்டரைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பதால் 3 சதவீத மாற்றம் அதற்குள் அடங்கிவிடும். 7 சதவீதம் அடங்காது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் அடியோடு விழுந்துவிட்டது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடோமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. உண்மையில் 107 கிலோமீட்டர் ஓடினால் அது 100 என்று எழுதும். விழுந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. ஆனால் அந்தப் பிழையைத் திருத்திய பிறகும், எடையாலும், பட்டன்கள் (டயரின் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) உருளும்போது தரும் தடையாலும் ஓரளவு டீசல் கூடவே செய்யும். இன்ஜின் ஆயில் மாற்ற மீட்டரில் 10,000 வரும்போது வண்டி உண்மையில் 10,700க்கு மேல் ஓடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து உரசல். கடையில் சமதரையில் நிறுத்தி, டயரை மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்த்து "உரசவில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. 2011இல் என் சொந்த ஜீப்புக்கு, நானும் அவசரப்பட்டு, வேறொரு கடையில் விட்டத்தில் 50 மி.மீ. கூடுதலான டயர்களைப் போட்டேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது, பின்னால் நான்கு பேரும் மூட்டைகளும் இருக்க, ஒரு வளைவில் முழு ஒடிப்பு ஒடித்து, அதே நேரத்தில் பிரேக் மிதித்ததும், இடது முன் சக்கரத்திலிருந்து கோணியைக் கிழிப்பது போன்ற சத்தம் வந்தது. ஸ்டீயரிங் ஒரு கணம் கையில் இறுகியது. எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. எப்படியோ சமாளித்து ஓரம் கட்டினேன். டயரின் தோளில் (முகமும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில்) இரண்டு பட்டன்கள் சீவியிருந்தன. மட்கார்டின் உள்விளிம்புத் தகரம் வெள்ளையாகப் பளபளத்தது. அங்கே கருப்பு ரப்பர் துகள் மாவுபோல் ஒட்டியிருந்தது. வண்டி பாரத்தில் அமுங்கி, பிரேக்கில் மூக்கு குனிந்து, சக்கரம் முழுவதும் ஒடிந்திருந்த அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த நிலையைக் கடையின் சமதரையில் யாரும் சோதித்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்த வண்டிக்கு அளவு மாற்றினாலும் நான் செய்யும் சோதனை இது. புது டயரின் இரு தோள்களிலும் ஈரச் சுண்ணாம்பைத் தடவுங்கள். ஒரு முன் சக்கரத்தை ஒரு சாண் உயரக் கல் அல்லது சரிவுப் பலகை மேல் ஏற்றுங்கள். ஏறிய பக்கம் அமுங்கும். தொட்டியில் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றுங்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பி, வண்டியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு மறுபக்கம். சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசும். பிளாஸ்டிக் லைனரில் லேசாக ஒட்டினால், சூடு காட்டி அதைச் சற்று உள்ளே தள்ளிவிடலாம். முன்பம்பரின் பின்விளிம்பு, மட்கார்டின் பின்பக்கத் தகரத் தையல், மேல் கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் ஒட்டினால் அந்த அளவை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், 804 மி.மீ. டயர் பம்பரின் பின்விளிம்பையும் தகரத் தையலையும் தொடாமல் தப்புவது கடினம். உரசலைத் தவிர்க்க ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் என்னும் உலோக வளையம் வைத்து டயரை வெளியே தள்ளச் சொல்வார்கள். அது ஹப் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையைக் கூட்டும். ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டுப் பம்பரில் போய் உரசும். ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்.

உங்கள் தடத்தை நான் நன்றாக அறிவேன். இருபுறமும் கிளுவை வேலி, வேலியின் அடியில் வழியை ஒட்டிக் குவித்த கற்கள், நடுவில் மேடு, எதிரே டிராக்டர் வந்தால் வேலியோரம் ஒதுங்கியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட இட்டேரியில் டயர் சாவது பெரும்பாலும் பக்கச்சுவரில்தான். ஒதுங்கும்போது கல்லின் கூர்முனை சுவரைக் கிழிக்கும். தரையோடு ஒட்டும் பகுதியில் முள் குத்தினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் ஒட்ட வழியில்லை, டயர் குப்பைக்குத்தான். 265 என்பது 245ஐவிட 20 மி.மீ. அகலம், ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. வேலியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். குறுகலான தடத்தில் இது உதவி இல்லை, உபத்திரவம். நான் 245/75ஐ மேல் எல்லையாகச் சொல்வதற்கு இதுவும் காரணம்: அகலம் கூடாமல் உயரம் மட்டும் கூடுகிறது. மகிந்திரா தாரின் 16 அங்குல ரிம் பதிப்புக்கு வரும் அளவு என்பதால் கடைகளிலும் எளிதில் கிடைக்கும். 265 அகலத்துக்குக் குறைந்தது 7 அங்குல அகல ரிம் வேண்டும் என்பதையும் பலர் பார்ப்பதில்லை. ரிம்மின் உள்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

பட்டன் வகையைப் பற்றி. எச்/டி தார்ச்சாலைக்கு, உங்கள் வண்டியில் ஆலையிலிருந்து வந்தது அந்த இனம்தான். எம்/டி என்னும் பெரிய பட்டன் டயர் சேற்றுக்கென்றே செய்தது. பட்டன்களுக்கிடையே இடைவெளி அகலமாக இருப்பதால், சுழலும்போது சேற்றை உதறித் தள்ளும். ஆனால் நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடி குறைவு. மழையில் வால்பாறை இறங்குகிறவருக்கு அதை நான் ஒருபோதும் மாட்டிக்கொடுக்க மாட்டேன். கோவை நெடுஞ்சாலையில் அது போடும் ஊளைச் சத்தத்தைப் பழகிக்கொள்ளலாம். ஈரத்தில் வழுக்குவதைப் பழகிக்கொள்ள முடியாது. ஏ/டி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. வாங்கும்போது, பட்டன்கள் தோளைத் தாண்டிப் பக்கச்சுவரின் மேல்பகுதி வரை இறங்கி வருகின்றனவா, சுவரில் மூன்று அடுக்கு உள்ளதா என்று பாருங்கள். செம்மண்ணிலும் சரளையிலும் நல்ல ஏ/டி டயர் எந்தக் குறையும் வைக்காது.

கரிசல் வேறு கதை. உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கியவர்களுக்குத் தெரியும்: களி, பட்டன் இடைவெளிகளில் அப்பிக்கொண்டு டயரையே வழவழப்பான உருளையாக்கிவிடும். 27 மி.மீ. உயரம் அங்கே எதையும் மாற்றாது. மாற்றுவது காற்றுதான். சாலைக்கு வைத்த 35ஐ 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் தரையில் படியும் நீளம் கூடும், பாரம் பரவும், புதைவது குறையும், சுவர் சற்று நெளிவதால் பட்டன்களில் அப்பிய களியும் உதிரும். என் அனுபவத்தில், வாய்க்கால் கரையில் மாட்டிய வண்டிகளில் பெரும்பாலானவை காற்றை இறக்கி, ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் கியரில்) போட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் மெதுவாக எடுத்தபோது தாமாகவே வெளியே வந்தன. 18க்குக் கீழே போகாதீர்கள். ரிம்மிலிருந்து டயரின் விளிம்பு கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்றை இறக்கிய நிலையில் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்றும், நம்பகமான காற்று அளவியும் வண்டியிலேயே இருக்கட்டும். பெரிய டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தில் ஒரு பகுதியே இவற்றுக்குப் போதும்.

பாரக் குறியீட்டைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் வரும் 111 என்பது ஒரு டயர் 1090 கிலோ தாங்கும் என்று பொருள்; 112 என்றால் 1120. இப்போதுள்ளதைவிடக் குறைந்த குறியீடு கொண்ட டயரை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். உரித்த காய் ஐந்நூறு ஏற்றினாலே ஏறக்குறைய 300 கிலோ வந்துவிடும். அதில் பெரும்பகுதியைத் தாங்குவது பின் டயர்கள் இரண்டும்தான். எல்.டி. வகை டயர் எடுத்தால் பழைய காற்றழுத்தமே போதும் என்று நினைக்க வேண்டாம். அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும்.

ஸ்டெப்னியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டிக்கு அடியில் அது தொங்கும் இடம் ஆலை அளவுக்கென்றே விட்டது; 804 மி.மீ. டயர் அங்கே அடங்குமா என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அடங்காமல் பழைய ஸ்டெப்னியையே வைத்துக்கொண்டு, ஒருநாள் பஞ்சராகி அதைப் பின்னால் மாட்டினால், ஒரே அச்சில் இரண்டு விட்டம். டிஃபரன்ஷியல் நிற்காமல் வேலை செய்து சூடேறும். அந்த நிலையில் ஃபோர் வீலில் போட்டால், முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கம் ஏறி, லீவர் கழலாமல் இறுகும், பல் உடைவதும் உண்டு. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் நான்கு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்று நம்பித்தான் வேலை செய்கிறது. எனவே அளவு மாற்றினால் ஐந்து டயர், நான்கு அல்ல.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது டயர் அளவைத்தான். ஆகவே 245/75 போடுவதானாலும், உங்கள் மாடலுக்கு எந்தெந்த அளவுகள் ஏற்கப்பட்டவை என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தாளை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் 245/70லேயே நின்றுவிடுங்கள். அதில் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

வாங்கும் நாளில், பக்கச்சுவரின் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்குங்கள்; 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். ஐந்தும் அருகருகே உள்ள வாரங்களாக இருக்கட்டும். பேலன்சிங் செய்த பிறகு அலைன்மென்ட்டை, வழக்கமான பாரத்தைத் தொட்டியில் வைத்துக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். வீல் நட்டுகளை ஏர் கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள். கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இருக்க வேண்டும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, நட்டுகளை அதே ஸ்பேனரால் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிட்டு, அதன் பிறகு வால்பாறைக்குப் புறப்படுங்கள்.